மூன்று மடங்கும் ஒரு சாணும்

இருளாயிக்கு நாற்பத்து மூன்றாவது வயதில் ஒரு புள்ளியால் மானம் போனது. எண்ணுக்கு நடுவில் பேசாமல் உட்கார்ந்திருக்குமே, அந்தப் புள்ளி.

வட்டக்கானலில் ஒரு விடுதிக்குப் புது அறை கட்டிக்கொண்டிருந்தார்கள். தங்கமுத்து மேஸ்திரி சாரத்தின் மேல் நின்றபடி, "ஏத்தா இருளாயி, அந்தப் பலகை ரெண்டுல பெருசை எடுத்துக் குடு, வெரசா" என்றார். இரண்டு பலகையும் தார்ப்பாய்க்கு அடியில் மணலில் பாதி புதைந்து கிடந்தன. வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனைகளில் அளவு எழுதியிருந்தது. ஒன்றில் 1.5, இன்னொன்றில் 1.45. ஐந்து எங்கே, நாற்பத்தைந்து எங்கே? இருளாயி கொஞ்சமும் யோசிக்காமல் 1.45 என்று எழுதியதை இழுத்து, தலைக்கு மேல் தூக்கிக் கொடுத்தாள். மேஸ்திரி வைத்துப் பார்த்தார். பலகை எட்டவில்லை.

"நாப்பத்தஞ்சு பெருசுன்னு எடுத்தியாக்கும்?" என்று மேஸ்திரி கேட்க, சாரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேரைக் கீழே இறக்கிவிட்டிருந்தால் அவர்களும் அதே பலகையைத்தான் இழுத்திருப்பார்கள். அடுத்தவர் தப்பைப் பார்த்துச் சிரிப்பதற்கு மட்டும் யாரும் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. இருளாயியும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தாள். ஆனால் அன்று முழுவதும் சாந்துச் சட்டி வழக்கத்தைவிடக் கனத்தது.

அவளுடைய ஊர் வட்டக்கானலுக்குக் கீழே ஒரு மணி நேர இறக்கத்தில், முப்பத்தெட்டு வீடுகளோடு மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தார்ச்சாலை கிடையாது. அரிசி, சிமென்ட், கேஸ் சிலிண்டர் எல்லாம் குதிரை முதுகில்தான் இறங்கும். இருளாயியின் கணவர் முருகவேல் அப்படி இரண்டு குதிரைகளை வைத்துப் பொதி ஏற்றுகிறவர். ஒரே மகளை ஆயக்குடிப் பக்கம் ஒரு கொய்யாத் தோப்புக்காரர் வீட்டில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. இருளாயி படித்தது மூன்றாம் வகுப்பு. பதினாறு வருஷமாகத் தங்கமுத்து மேஸ்திரியிடம் சித்தாள். தினமும் வெள்ளனே எழுந்து மலையேறி, மணலும் கல்லும் சுமந்து, பொழுது சாய்வதற்குள் மலையிறங்குகிற வாழ்க்கை.

இறங்கி வந்தாலும் சோலி முடியாது, தண்ணீர் இருக்கிறது. ஊருக்கு மேலே பாறை இடுக்கில் ஓர் ஊற்று உண்டு. பங்குனி பிறந்தால் அது சுண்டுவிரல் கனத்துக்கு மெலிந்துவிடும். இரவெல்லாம் ஒழுகி யாருக்கும் உதவாமல் பள்ளத்துக்குப் போகும், பகலில் குடம் வைத்தால் நிரம்ப முக்கால் மணி நேரம் ஆகும். அதனால் கோடை முழுக்கப் பெண்கள் கீழே ஓடைக்கு இறங்கி, குடத்தோடு செங்குத்தாக ஏற வேண்டும். போன சித்திரையில் அப்படி ஏறும்போதுதான் கருப்பம்மாள் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கருப்பம்மாள் முருகவேலின் அக்கா. பக்கத்து வீட்டிலேயே தனியாக இருக்கிறவள். ஊரிலேயே வாய்த் துடுக்கான மனுஷி. விழுந்த நாளிலிருந்து இருளாயிதான் அவளுக்கும் சேர்த்துத் தண்ணீர் சுமந்தாள். தம்பி பெண்டாட்டி முதுகொடியச் சுமப்பதைப் பார்த்து, அந்த மனுஷி முகம் கழுவக்கூட அரைச் செம்புக்கு மேல் தொடுவதில்லை. "எனக்கு வேர்க்குதா என்ன, உக்காந்துதானே கெடக்கேன்" என்பாள்.

கிராம சபையில் எல்லோரும் கூச்சல் போட்டு, மனு எழுதி, ஒரு வழியாக ஊருக்குத் தொட்டி ஒன்று அனுமதியாகியிருந்தது. கம்பி கட்டி, வலை சுற்றி, சிமென்ட் பூசுகிற பெரிய வட்டத் தொட்டி. ஊற்றின் ஒழுக்கை இரவு பகலாகப் பிடித்து வைத்துக்கொண்டால் பிறகு ஓடைக்கு யாரும் இறங்க வேண்டாம். கட்டப் போவது தங்கமுத்து மேஸ்திரி. சாமான் ஒரே ஒரு தடவைதான் வரும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாதை வழுக்கும், பூச்சு காயாது. மழைக்கு முன் தொட்டி எழும்பவில்லையென்றால் இன்னொரு கோடை முழுவதும் ஓடைதான். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பலகை விஷயம் நடந்த வாரத்திலேயே இருளாயி ஷர்மிளாவிடம் போய் நின்றாள். ஷர்மிளாவுக்கு இருபத்து மூன்று வயது. வட்டக்கானலில் ஒரு விடுதியில் வரவேற்பு மேசை வேலை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து கொடைக்கானல் பக்கம் குடியேறிய குடும்பத்துப் பெண். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பழைய விருந்தாளிகள் போய்ப் புது விருந்தாளிகள் வருவதற்கு நடுவில், விடுதியின் சாப்பாட்டு அறையில் பெண்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கரும்பலகைக்குப் பதிலாக விடுதியின் மெனுப் பலகை. அதன் ஒரு மூலையில் "பனானா பேன்கேக்" என்று எழுதியிருந்ததை யாரும் அழிப்பதில்லை.

"டீச்சர், இந்தப் புள்ளி எதுக்கு வருது? அதை மட்டும் சொல்லுங்க. மத்ததெல்லாம் பொறவு பாத்துக்கிறலாம்" என்றாள் இருளாயி.

"அக்கா, முழு நம்பர் இதோட முடிஞ்சிருச்சு, இனிமே துண்டுதான்னு காட்டுறதுக்குத்தான் அந்தப் பாயின்ட்" என்று சொல்லி ஷர்மிளா பலகையில் ஒரு கட்டம் போட்டு, பத்தாகப் பிரித்து, கோடு கோடாக விளக்கினாள். இருளாயி பலகையையும் ஷர்மிளாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் இடுப்பில் செருகியிருந்த அளவு டேப்பை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"இதுல காட்டுங்க. இது எனக்கு நல்லாத் தெரியும்."

ஷர்மிளா டேப்பை இரண்டு மீட்டருக்கு இழுத்துப் பூட்டினாள். ஒரு மீட்டர் முடிகிற இடத்தில் விரலை வைத்தாள். "இதோட ஒண்ணு முடிஞ்சுது. இப்ப அடுத்த மீட்டரைப் பத்துப் பெரிய துண்டாப் பிரிங்க. புள்ளிக்கு அடுத்த எண்ணு, அதுல எத்தனை துண்டுன்னு சொல்லும். ஒவ்வொரு பெரிய துண்டையும் பத்துச் சின்னத் துண்டாப் பிரிங்க. அதுக்கு அடுத்த எண்ணு அதைச் சொல்லும்."

இருளாயி நகத்தால் எண்ணிக்கொண்டே போனாள். 1.45. நாலு பெரிய துண்டு, அஞ்சு சின்னத் துண்டு. நகம் நின்றது. 1.5. அஞ்சு பெரிய துண்டு. நகம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது.

"அடப் பாவமே!" என்றாள். "அது நாப்பத்தஞ்சே இல்ல. நாலும் அஞ்சும். இங்க அஞ்சு பெருசு இருக்கு, அங்க அஞ்சு பெருசுக்கு எட்டவே இல்ல!"

பதினாறு வருஷமாக அந்த டேப் அவள் இடுப்பில் இருந்தது. மேஸ்திரி கேட்கும்போது நீட்டுவாள், மடக்கி வாங்கிக்கொள்வாள். அதற்குள் இப்படி ஒரு ஒழுங்கு இருப்பதை அன்றுதான் பார்த்தாள். குனிந்து, கண்ணைக் கிட்டே வைத்து, சின்னத் துண்டுக்குள்ளும் பத்துக் கோடு இருப்பதைக் கண்டுபிடித்தாள்.

"இதுக்குள்ளயும் பத்து இருக்கே?"

"அது மூணாவது இடம்கா. மில்லிமீட்டர்."

"அதுக்குள்ள?"

"அதையும் பத்தாப் பிரிக்கலாம். டேப்புல கோடு போட இடம் இல்ல, அவ்வளவுதான். எழுதலாம்."

"அதுக்குள்ள?"

"அதையும்தான்."

"எது வரைக்கும்?"

ஷர்மிளா சிரித்தாள். "முடியவே முடியாதுக்கா. பிரிச்சிக்கிட்டே போகலாம்."

இருளாயி சிரிக்கவில்லை. பாறை விளிம்பில் நின்று பள்ளத்தைப் பார்த்தால் வருகிற அதே உணர்ச்சி, ஒரு மில்லிமீட்டரைப் பார்த்து வந்தது. ஓர் எறும்பின் நீளம்கூட இல்லாத இடத்துக்குள் இவ்வளவு ஆழமா! அன்று மலையிறங்கும்போது வழி நெடுகத் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். காலடிக்குள் காலடி, அதற்குள் இன்னொரு காலடி.

வீட்டு வாசலில் குதிரைக்குச் சேணம் கழற்றிக்கொண்டிருந்த முருகவேல் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, வழியில எதையும் பாத்துப் பயந்துட்டியா?" என்று கேட்டார்.

"கோட்டுக்குள்ள கோடு இருக்குங்க. அதுக்குள்ளயும் இருக்கு. முடியவே மாட்டேங்குது."

"சரி. இந்த ரெண்டுக்கும் கொள்ளு வையி. அந்தச் சோலி முடியும்" என்றார் அவர்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் புள்ளியோடு வந்தன. இருளாயிக்குப் பெருக்கல்தான் பெரும்பாடு. புள்ளி எங்கே போய் உட்காரும் என்பதே பிடிபடவில்லை. ஷர்மிளா ஒரு வழி சொன்னாள். "முதல்ல புள்ளியை மறந்துட்டுப் பெருக்குங்க. அப்புறம் சுமாரா எவ்வளவு வரணும்னு மனசுல யோசிங்க. புள்ளி தானா இடம் காட்டும்." இது இருளாயிக்குப் பிடித்துப்போனது. சுமாராக எவ்வளவு வரும் என்பது மணல் சுமக்கிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய விஷயமா?

பிறகு வட்டம் வந்தது. "வீட்டுல வட்டமா என்ன இருந்தாலும் நூலை வெச்சுச் சுத்தளவு எடுங்க. நடுவுல குறுக்களவும் எடுங்க. சுத்தளவைக் குறுக்களவால வகுத்துட்டு வாங்க" என்று ஷர்மிளா சொல்லி அனுப்பினாள்.

இருளாயி தோசைக்கல்லில் ஆரம்பித்தாள். குறுக்கே முப்பது சென்டிமீட்டர், சுற்றி தொண்ணூற்று நாலு. வகுத்தால் 3.13. கொள்ளு வாளிக்கு 3.15. பானை மூடிக்கு 3.14. முருகவேல் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அவர் சாப்பிடும்போதே நூல் சுற்றி அளந்தாள். மனுஷன் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார், இருபத்தைந்து வருஷக் குடும்பத்தில் இதையெல்லாம் பழகியாயிற்று. தட்டும் மூன்றே சொச்சம். நூல்தான் ஏமாற்றுகிறது என்று வேறு நூல் எடுத்தாள். வாசலில் அறுத்துப் போட்டிருந்த மரத்துண்டை அளந்தாள். கருப்பம்மாளின் வெற்றிலைத் தட்டை வாங்கி அளந்தாள். எல்லாம் மூன்று, அதற்கு மேல் கொஞ்சம். பெரியதற்கும் அதே, சின்னதற்கும் அதே.

ஞாயிற்றுக்கிழமை அவள் நோட்டை நீட்டினாள். "டீச்சர், தோசைக்கல்லு வார்த்தவனும் வாளி அடிச்சவனும் கலந்து பேசிக்கிட்டாங்கன்னு வெச்சுக்கிட்டாலும், அந்த மரத்துக்கு யாரு சொன்னது?"

பன்னிரண்டு வருஷம் படித்த ஷர்மிளா அதை அப்படி ஒரு கேள்வியாக நினைத்துப் பார்த்ததே இல்லை. "யாரும் சொல்லலக்கா. வட்டம்னா அப்படித்தான்" என்றாள். "நாம 3.14னு வெச்சுக்கிறோம். ஆனா அதோட அது முடியல. 3.14159ன்னு போய்க்கிட்டே இருக்கும். அதுக்குக் கடைசின்னு ஒண்ணு இல்லவே இல்லன்னு கணக்குல நிரூபிச்சிருக்காங்க."

"என் வீட்டுத் தோசைக்கல்லுலயா?" என்று இருளாயி கேட்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது. கோயிலில் நின்றால்கூட அவளுக்கு அவ்வளவு சீக்கிரம் கண் நிறைவதில்லை.

புரட்டாசி பிறந்ததும் தொட்டியின் வரைபடம் வந்தது. குறுக்களவு 3.6 மீட்டர், உயரம் 1.5 மீட்டர், சுற்றி வர பதினான்கு கம்பி வளையங்கள். ஒவ்வொரு வளையத்துக்கும் கம்பி எவ்வளவு நீளம் என்று எழுத வேண்டிய கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அது மேஸ்திரி போட்டுக்கொள்ள வேண்டிய கணக்கு.

தங்கமுத்து மேஸ்திரியிடம் கணக்குத் தயாராக இருந்தது. அவர் அதைத் தன் அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டவர். குறுக்களவின் மூன்று மடங்கு, அதோடு ஒரு சாண். அதற்கு மேல் லேப்புக்கு ஓர் அடி. லேப்பு என்பது கம்பியின் ஒரு முனை மறுமுனை மேல் ஏறிப் படிகிற நீளம். அது இருந்தால்தான் கட்டுக்கம்பி போட்டு முறுக்க முடியும், தண்ணீர் நெட்டித் தள்ளும்போது வளையம் பிரியாமல் நிற்கும். "நாப்பது தொட்டி கட்டிருக்கேன். ஒண்ணு ஒழுகிச்சுன்னு ஒருத்தன் வந்து நிக்கச் சொல்லு பாப்போம்" என்பார் மேஸ்திரி. அது வெறும் வாய்ப்பேச்சும் இல்லை. வட்டக்கானல் விடுதிகளில் பாதிக்கு அவர் தொட்டிதான்.

இருளாயி ஒரு சிமென்ட் பையைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் கணக்குப் போட்டாள். 3.6ஐ 3.14ஆல் பெருக்க வேண்டும். புள்ளியை மறந்து பெருக்கினால் 11304. முதலில் அவள் புள்ளி வைத்த இடம் 113.04. நூற்றுப் பதிமூன்று மீட்டர் கம்பி இருந்தால் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றலாம். சுமாராக யோசித்தாள். மூன்று மடங்கு என்றால் பதினொன்றுக்குப் பக்கம். அப்படியானால் 11.304. மேஸ்திரி கணக்குப்படி 10.8, அதோடு ஒரு சாண். எப்படிப் பார்த்தாலும் பதினொரு மீட்டரைத் தாண்டி ஒரு விரற்கடைக்கு மேல் போகாது. கிட்டத்தட்ட ஓர் அடி இடித்தது. லேப்புக்கு என்று விடுகிற ஓர் அடியை வட்டமே தின்றுவிடும்.

அவளுக்குத் தன் மேல்தான் சந்தேகம் வந்தது. நாற்பது தொட்டி கட்டிய மனுஷர் ஒரு பக்கம், பலகையைத் தப்பாக எடுத்துக் கொடுத்த சித்தாள் ஒரு பக்கம். அவள் வேலை செய்யும் விடுதியிலேயே மேஸ்திரி கட்டிய தொட்டி ஒன்று இருந்தது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அதனிடம் போனாள். குறுக்களவு ஒன்றரை மீட்டர். வேலை முடிந்ததும் ஈரப் பூச்சில் விரலை விரித்துக் கையைப் பதித்துவிடுவது தங்கமுத்துவின் வழக்கம். அந்தத் தொட்டியிலும் அவர் கை இருந்தது. கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை டேப்பை வைத்தாள். இருபத்தொரு சென்டிமீட்டர்.

ஒன்றரையை 3.14ஆல் பெருக்கினாள். 4.71. ஒன்றரையின் மூன்று மடங்கு 4.5, அதோடு மேஸ்திரியின் சாண் 0.21. கூட்டினாள். 4.71.

இருளாயி டேப்பைக் கீழே போட்டுவிட்டாள். மயிர்க்கால் சிலிர்த்துப்போனது. ஒரு துளி கூடவும் இல்லை, ஒரு துளி குறையவும் இல்லை. முடிவே இல்லாத அந்த எண்ணின் சொச்சம், இந்த மனுஷரின் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்துகொண்டு நாற்பது தொட்டியைத் தாங்கியிருக்கிறது! மேஸ்திரி கட்டிய நாற்பதும் விடுதி முற்றத்துக்கு ஏற்ற ஒன்றரை மீட்டர்த் தொட்டிகள். அந்த அளவுக்கு அந்தக் கை போதும். மூன்று புள்ளி ஆறுக்குப் போதாது. தன் கணக்கு சரி என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது, தெரிந்ததும் பயமும் வந்தது. இனி வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

வியாழக்கிழமை கம்பி எடுக்கப் பெருமாள்மலைக்குப் போனார்கள். ஊரில் வெட்டும் மெஷின் கிடையாது, அதனால் கடையிலேயே அளந்து வெட்டி எடுத்துப் போவதுதான் வழக்கம். கடையில் வெட்டுகிறவர் பெயர் குகன். பன்னிரண்டு மீட்டர்க் கம்பி பதினான்கு, முற்றத்தில் நீட்டிப் போட்டிருந்தது. மேஸ்திரி டேப்பைப் பிடிக்கச் சொல்லி, தன் கையைக் கம்பி மேல் ஒரு சாண் வைத்து, ஓர் அடி கூட்டி, சாக்பீஸால் கோடு போட்டார். பதினொரு மீட்டர் முப்பத்தொரு சென்டிமீட்டர்.

"மிச்சம் வர்றது மூடிக்கு ஆகும். வெட்டுப்பா குகா" என்றார்.

குகன் மெஷினை முடுக்கினார். சத்தம் காதைக் கிழித்தது. அரைச் செம்புத் தண்ணீரில் முகம் கழுவுகிற கருப்பம்மாளின் முகம் கண் முன்னால் வந்து நின்றது.

"அண்ணே, வெட்டாதீங்க!"

மெஷின் நின்றது. அவள் போட்ட கூச்சலில் எதிர்த்த டீக்கடையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னத்தா?"

"கம்பி பத்தாதுண்ணே. இன்னும் ஒரு அடி வேணும்."

மேஸ்திரி உடனே கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "ஞாயித்துக்கெழமை படிப்பாக்கும்?" என்றார். "தப்பா இருந்தா யாரு பதில் சொல்றது? பதினாலு கம்பி. மறுபடி ஒருத்தனும் குடுக்க மாட்டான்."

"அதுக்குத்தாண்ணே சொல்றேன். வெட்டிட்டா ஒட்ட முடியாது. ஒரு கட்டுக்கம்பி குடுங்க, இங்கேயே போட்டுப் பாத்துருவோம். அஞ்சு நிமிஷம்."

குகனுக்கு வேடிக்கை பார்க்க ஆசை. கட்டுக்கம்பிச் சுருளை எடுத்து நீட்டினார். இருளாயி லாரி திரும்புகிற முற்றத்தின் நடுவில் ஒரு வெடிப்பில் ஆணியை அடித்தாள். ஒரு புள்ளி எட்டு மீட்டர் நூலைக் கட்டி, மறுமுனையில் செங்கல் துண்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே ஒரு சுற்று வந்தாள். சிமென்ட் தரையில் செக்கச்செவேல் என்று வட்டம் விழுந்தது. தொட்டி எவ்வளவு பெரிது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. குகன் ஓரடி பின்வாங்கி நின்று பார்த்தார்.

கட்டுக்கம்பியை மேஸ்திரியே அளந்தார். பதினொரு மீட்டர் முப்பத்தொரு சென்டிமீட்டர், லேப்பும் சேர்த்து. கத்தரித்தார். ஒரு முனையை இருளாயி மிதித்துக்கொண்டாள். கோட்டின் மேலேயே, கோணாமல் கொள்ளாமல், குகனும் மேஸ்திரியும் கம்பியைப் படிய வைத்துக்கொண்டே வந்தார்கள். சுற்றி வந்த முனை இருளாயியின் பெருவிரலை நெருங்கியது. அங்கே கம்பி தீர்ந்தது. முனையும் முனையும் நேருக்கு நேர் முத்தமிட்டுக்கொண்டு நின்றன.

"பாத்தியா?" என்றார் மேஸ்திரி. குரலில் வெற்றி. "மூடிருச்சு."

"மூடிருச்சுண்ணே" என்றாள் இருளாயி. "லேப்பு எங்கண்ணே?"

மேஸ்திரி மெதுவாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த இரண்டு முனைகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். முனை மேல் முனை ஏற ஒரு நூலளவுகூடக் கம்பி மிச்சம் இல்லை. பதினான்கு வளையத்தையும் இப்படி வெட்டி, முறை போட்டுச் சுமந்து இறக்கி, ஊர் முன்னால் நின்று கட்டப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. வேர்த்துவிட்டது அவருக்கு.

"நாப்பது தொட்டி, ஆத்தா" என்றார். கேட்கவே பாவமாக இருந்தது.

"நாப்பதும் சரிதாண்ணே!" இருளாயி அவர் எதிரில் உட்கார்ந்தாள். "விடுதியில ஒண்ணை நான் அளந்து பாத்தேன். அத்தனையும் ஒன்றரை மீட்டர். ஒன்றரைக்கு உங்க சாண் அச்சு அசல். ஒரு மயிரிழை தப்பல. ஆனா குறுக்களவு கூடக் கூடச் சாணும் கூடணும்ணே. இதுக்கு ரெண்டரைச் சாணுக்குக் கொஞ்சம் கம்மி. வட்டத்துக்குன்னு ஒரு எண்ணு இருக்கு. எல்லா வட்டத்துக்கும் அது ஒண்ணுதான். உங்க கையில அது இருந்திருக்கு, உங்களுக்கே தெரியாம."

மேஸ்திரி தன் கையை விரித்து, அதை முதல் தடவை பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, போட்டிருந்த சாக்பீஸ் கோட்டைக் காலால் அழித்தார்.

"எவ்வளவுன்னு குகனுக்குச் சொல்லு."

"பதினொண்ணு புள்ளி ஆறு" என்றாள் இருளாயி.

"புள்ளி ஆறா, புள்ளி பூஜ்யம் ஆறா?" என்று கேட்டார் குகன். அனுபவப்பட்டவர்.

"பதினொரு மீட்டரு, அறுபது சென்டிமீட்டரு. ஆறு பெரிய துண்டு."

கம்பிகளை மடக்கிக் கட்டி, வட்டக்கானல் வரை வண்டியில் ஏற்றினார்கள். அதற்குக் கீழே கம்பி குதிரை மேல் போகாது, வளைவுகளில் மாட்டிக்கொள்ளும். ஊரே மேலேறி வந்து, இரண்டிரண்டு பேராகத் தோளில் வைத்து இறக்கியது. முதல் வளையத்தைக் கட்டும்போது முனை மேல் முனை சரியாக ஓர் அடி ஏறிப் படிந்தது. மேஸ்திரி கட்டுக்கம்பியை முறுக்கினார். இரண்டாவது வளையத்துக்குக் குறடை இருளாயியிடம் நீட்டினார். மூடிக்குக் கம்பி பற்றாமல் மூடியைச் சின்னதாகத்தான் கட்ட முடிந்தது, அதனால் குடி முழுகிப் போகவில்லை.

ஐப்பசி இரண்டாம் வாரம் மழை பிடித்தது. அதற்குள் பூச்சு முடிந்து, அது இறுகத் தண்ணீர் ஊற்றுகிற நனைப்பும் முடிந்துவிட்டது. பங்குனி வரை காத்திருக்கத் தேவையில்லை, ஊற்றுக்குழாயைத் தொட்டிக்குள் திருப்பிவிட்டார்கள். நிரம்ப மூன்று நாள் ஆனது. நாலாம் நாள் விடிந்ததும் இருளாயி போய்ப் பார்த்தாள். தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டு அசையாமல் நின்றது. பதினைந்தாயிரம் லிட்டர். அத்தனையும் நாலா பக்கமும் நெட்டித் தள்ளிக்கொண்டு இருக்கிறது, உள்ளே பதினான்கு வளையம் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சுவரில் உள்ளங்கையை வைத்தபடியே ஒரு முழுச் சுற்று நடந்தாள். எங்கும் ஈரம் இல்லை. முடியாத எண் ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டாள். அது இப்படி முடிந்து, மூடி, ஊருக்குத் தண்ணீராக நிற்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

கோடையும் வந்தது. சித்திரையில் ஊற்று சுண்டுவிரலாக மெலிந்தபோதும் தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. ஒருநாள் காலை இருளாயி வேலைக்குக் கிளம்பும்போது கருப்பம்மாள் கம்பை ஊன்றிக்கொண்டு தொட்டிக்குப் போவதைப் பார்த்தாள். "நான் எடுத்தாறேன் மதினி" என்று பின்னாலேயே ஓடினாள். "நீ உன் சோலியைப் பாருடி" என்றாள் கருப்பம்மாள்.

குழாயைத் திறந்து செம்பில் பிடித்து முகத்தைக் கழுவினாள். இன்னொரு செம்பு பிடித்துக் கழுத்தையும் கையையும் கழுவினாள். பிறகு அந்த மனுஷி யாரையும் பார்க்காமல், செம்பு நிறையப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொன்றாகத் தலையில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். இருளாயி பாதையில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். அன்றைக்கு வேலைக்கு அரை மணி நேரம் தாமதமாகத்தான் போனாள்.